முதுகோடு முதுகு ஒட்டிய ஜாதகங்கள்

மேற்பிரிவு,
ஹட்டன்.
2007 யூலை 2, திங்கட்கிழமை

அன்பும் கண்டிப்பும் சரிபாதியாக நிறைந்த அக்கா சண்முகவடிவு அவர்களுக்கு, உங்கள் சித்தப்பா மகன், ஓய்வுபெற்ற தோட்டத்து லொறி டிரைவர் சோலைமலை, இரண்டு கைகளையும் கூப்பிவிட்டு, பிறகு ஒரு கையைப் பிரித்துப் பேனா எடுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் காளியாயியும் மகள் கிருஷாந்தியும் இந்த மழைக்குள்ளும் சுகமே. அங்கே நீங்களும் மச்சான் இராமையா அவர்களும் மருமகன் பிரதாப்பும் சுகமாக இருக்க இறம்பொடை ஆஞ்சநேயரை வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிப்பதானால் தயவுசெய்து உட்காரவும். மச்சான் பக்கத்தில் இருந்தால் அவரைக் கொஞ்சம் எட்ட இருக்கச் சொல்லவும். அவர் ஒரு பாவமும் அறியாதவர்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனில் சொன்னால் முதல் வார்த்தையிலேயே டக்கென்று வைத்துவிடுவீர்கள். கடிதம் அப்படியல்ல. கோபத்தில் கீழே போட்டாலும், மிச்சம் என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்க மறுபடியும் எடுத்துத்தான் ஆகவேண்டும்.

விஷயம் மருமகன் பிரதாப்பின் ஜாதகத்தைப் பற்றியது. பெரியப்பா தம் கையாலேயே எழுதி, மஞ்சள் தடவி வைத்துவிட்டுப் போன அந்த ஒற்றைத் தாளை, எங்கள் கிருஷாந்திக்குப் பொருத்தம் பார்ப்பதற்காக நீங்கள் பஸ்ஸில் ஆள் மூலம் கொடுத்தனுப்பினீர்கள். "ஆடி பொறக்குறதுக்குள்ள போன மாதிரியே திரும்பி வரணும், மடிப்புக் கூட மாறக்கூடாது" என்று சொல்லியும் விட்டிருந்தீர்கள். லிந்துலைப் பக்கத்துச் சம்பந்தம் ஒன்றைப் பெண்வீட்டு ஜாதகத்தில் தேத்தண்ணீர்க் கறை இருந்ததென்று நீங்கள் நிறுத்திவிட்டதும் எனக்குத் தெரியும். ஆகவே அந்தத் தாளை நான் எவ்வளவு பயபக்தியோடு பிரித்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். பிரித்தேன். மடிப்பு இருந்த இடத்தில் தாள் பாதிவரை கிழிந்திருந்தது. அக்கா, சத்தியமாக அது வரும்போதே அப்படித்தான் இருந்தது. காளியாயி சாட்சி. அவள் என் பக்கம் சாட்சி சொல்வது அபூர்வம் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னும் நாலு தடவை பிரித்து மூடினால் பெரியப்பாவின் கையெழுத்து இரண்டு துண்டாகிவிடும். என்ன செய்யலாம் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் கிருஷாந்தி டவுன் நூலகத்தைப் பற்றிச் சொன்னாள். அங்கே மேல்மாடியில் புதிதாக ஓர் அறை திறந்திருக்கிறார்கள். வெளிநாட்டு உதவியாம். வெளியே மூன்று மொழியில் போர்டு. தமிழில் 'ஆக்கத்திறன் கூடம்' என்று போட்டிருக்கிறது. ஊரில் எல்லாரும் மெஷின் ரூம் என்றுதான் சொல்கிறார்கள். கொம்பியூட்டர், கலரில் அச்சடிக்கும் மெஷின், பூத்தையல் போடும் மெஷின், சட்டையில் குத்தும் பேட்ஜ் செய்யும் மெஷின், தாளை இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவில் வைத்துச் சூடு காட்டி ஒட்டும் லெமினேட்டிங் மெஷின் எல்லாம் இருக்கின்றன. நூலகத்தில் அங்கத்தவராக இருந்தால் யாரும் போய்ப் பழகலாம். "அப்பா, நீங்க தனியா போகாதீங்க. சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்ல, நான் கூட வாறேன்" என்றாள் பிள்ளை, தன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே டீச்சர் குரலில். காலமெல்லாம் இந்த மலை வளைவுகளில் லொறி ஓட்டியவனுக்கு, தாளுக்குப் பிளாஸ்டிக் போட ஒரு துணை வேண்டுமா? வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டேன். இரண்டு ஜாதகத்தையும் ஒன்றாகவே பத்திரப்படுத்திவிடலாம் என்று பெட்டியிலிருந்து எங்கள் பக்கத்துத் தாளையும் எடுத்துக்கொண்டேன்.

அந்த அறைக்குப் பொறுப்பாக ஆர்த்திகா என்று ஒரு மிஸ் இருக்கிறார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வயது குறைவு, பொறுமை அதிகம். லெமினேட்டிங் மெஷின் சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதுவரைக்கும் பேட்ஜ் மெஷினில் கை வைத்துப் பாருங்கள் என்றார். அக்கா, அந்த மெஷினைப் பற்றி நான் கட்டாயம் சொல்லவேண்டும். வட்டமாக வெட்டிய தாளைத் தகரத்தின் மேல் வைத்து, மேலே பிளாஸ்டிக் வைத்து, பிடியை அழுத்தினால் கடக் என்று ஒரு சத்தம், உள்ளே இருந்து பளபளவென்று பேட்ஜ் வந்து விழுகிறது. ஒரு குழந்தை பிறந்த மாதிரி இருந்தது எனக்கு. முதலில் காளியாயிக்கு முருகன் படம் போட்டு ஒன்று செய்தேன். பிறகு உங்களுக்கு, என் கையால் அழகாக எழுதி, 'மாப்பிள்ளையின் தாய்' என்று ஒன்று செய்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். பின்னால் ஊசி இருக்கிறது, கவனம். மிஸ் என்னைப் பார்த்து, "ஐயாவுக்கு நல்ல கைப்பழக்கம் இருக்கு" என்று சொன்னார். இனி நடந்ததற்கெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வார்த்தை இல்லாமலிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நிதானமாக இருந்திருப்பேன்.

லெமினேட்டிங் மெஷினுக்கு ஓர் உறை வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் தாளை ஒரு பக்கம் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். ஆளுக்கு ஒன்றுதான் தருவார்கள். எனக்கு இரண்டு ஜாதகம். இன்னொன்று கேட்டால் கொடுத்திருப்பார் என்று பிற்பாடு தெரிந்தது, ஆனால் பேட்ஜ் இரண்டு செய்துவிட்டு உறையும் இரண்டு கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே யோசித்தேன். தாளுக்கு இரண்டு பக்கம். ஜாதகம் எழுதியிருப்பதோ ஒரு பக்கம். இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்தால் அந்தப் பக்கம் மாப்பிள்ளை தெரிவார், இந்தப் பக்கம் பெண் தெரிவாள், ஓர் உறை போதும். எவ்வளவு நல்ல யோசனை என்று எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. உள்ளே போகும்போது ஒன்றுக்கொன்று வழுக்கக்கூடாதே என்று மேசையில் இருந்த கம் போத்தலை எடுத்து இரண்டு முதுகுக்கும் தாராளமாகத் தடவி அழுத்தினேன். பிறகு வேண்டும்போது வெட்டிப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. முதுகோடு முதுகு ஒட்டியதை எந்த இடத்தில் வெட்டுவது என்ற கேள்வி, அக்கா, அந்த நேரத்தில் எனக்கு வரவேயில்லை.

மிஸ் ஒரு நிமிஷம் கீழே போயிருந்தார். நான் உறையை மெஷினின் வாயில் வைத்தேன். அது உள்ளே இழுத்தது. முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு லேசாகக் கோணியது. லொறியாக இருந்தால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்திருப்பேன், இதற்கு ஸ்டியரிங் இல்லை. ஈரம் காயாத கம் சூட்டில் கொதித்து, மெஷினின் மறுபக்கம் ஆவி வந்தது. ரேடியேட்டர் சூடாகிவிட்டது என்றே நான் நினைத்தேன். ரிவர்ஸ் கியர் எங்கே என்று தேடினேன். பக்கத்தில் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது, அழுத்தினேன். அதே நொடியில் நூலகம் முழுக்க இருட்டாகிவிட்டது. என் பட்டனால்தான் என்று நான் நடுங்கிப்போனேன். பிறகுதான் டவுனுக்கே கரண்ட் போயிருக்கிறது என்று தெரிந்தது. மழை நாளில் இங்கே அது வழக்கம்தான். ஆனால் வழக்கமாகப் போகும் கரண்ட் அன்றைக்கு மட்டும் ஏன் மருமகனின் ஜாதகம் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்போது போகவேண்டும் என்று நீங்களே ஆஞ்சநேயரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

நான் சத்தம் போட்டதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். பூத்தையல் மெஷினில் இருந்த இரண்டு பெண்கள் கையில் நூலோடு எழுந்து வந்தார்கள். பண்டார என்று ஒரு சிங்களப் பெரியவர், தபால் கந்தோரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், தம் பேரனுக்கு ஏதோ படம் அச்சடிக்க வந்திருந்தார், அவரும் வந்தார். மிஸ் படியில் ஓடி வரும்போதே கத்தினார்: "ஐயா, இழுக்காதேங்கோ! கரண்ட் வந்தா அது தன்பாட்டில வரும்! கையை எடுங்கோ!" பண்டார மாத்தயாவும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அதின்ன எபா! அதின்ன எபா!" என்றார். இழுக்காதே என்று அவர் சொன்னது எனக்கு விளங்காமல் இல்லை. இந்த நாட்டில் இத்தனை வருஷம் லொறி ஓட்டியவனுக்கு 'எபா' தெரியாதா? இரண்டு பாஷையிலும் சொன்னது மண்டைக்குள் போனது, கைக்குத்தான் போகவில்லை. உள்ளே பெரியப்பாவின் கையெழுத்து சூட்டில் வேகிறதே என்ற பதற்றத்தில் இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவை. வந்துவிட்டது. மேல் ஓரம் மட்டும் மெஷினோடு தங்கிவிட்டது. இரண்டு ஜாதகத்திலும் பெயர், பிறந்த நாள் எல்லாம் எழுதியிருந்த அந்த மேல் ஓரம்தான்.

கட்டங்கள் முழுசாக இருக்கின்றன, அக்கா. ஒரு கிரகம் கூட இடம் மாறவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் வந்தது. மிஸ் மெஷினைத் திறந்து உருளையில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தார். சின்னச் சின்னதாக, தேங்காய்ப்பூ மாதிரி வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, உந்தத் தாளை ஏன் கம் போட்டு ஒட்டினனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் காரணத்தைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து, "மிஸ், மெஷினுக்கு ஏதும் பழுதாங்க?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, மெஷின் சுகமா இருக்கு" என்றார், திரும்பாமலே.

வீட்டுக்கு வந்து காளியாயியிடம் காட்டினேன். அவள் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. காளியாயி பேசாமல் இருந்ததை நான் கல்யாணமான நாள் முதல் அன்றுதான் பார்க்கிறேன். பிறகு மெதுவாக, "அக்காவுக்கு என்னாங்க சொல்லப் போறீங்க?" என்றாள். எனக்கு உங்களைவிடப் பிள்ளையை நினைத்துத்தான் பயம் வந்தது. ஏனென்றால், அக்கா, இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனம் இல்லை, கிருஷாந்திக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பம். வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் நுவரெலியா என்று ரேடியோவில் வானிலை சொன்னால்கூடச் சத்தத்தைக் கூட்டுகிறாள். மருமகன் அங்கே ஹோட்டலில் கேக் செய்கிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் ரொட்டிக்கு மதிப்பே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளையின் வாழ்க்கையைப் போய்ப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கெடுத்துவிட்டேனே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிரித்துப் பார்க்க முயற்சி செய்தோம். கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆவியில் காட்டினால் கம் இளகும் என்று காளியாயி சொன்னாள். இளகவில்லை. மாறாக ஜாதகம் அப்பளம் மாதிரி சுருண்டுகொண்டது. சுருண்டதை நிமிர்த்த அவளுடைய சேலையை மேலே போட்டு அயர்ன் பண்ணினோம். நிமிர்ந்தது. இப்போது மருமகனின் ஏழாம் வீட்டில் லேசாக ஒரு மாங்காய்க் கரை டிசைன் விழுந்திருக்கிறது. பார்க்க ஒன்றும் அசிங்கமாக இல்லை.

இனி மறைத்துப் பயனில்லை, பொருத்தமாவது பார்த்துவிடுவோம் என்று சனிக்கிழமை அதைச் சுருட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முத்துலிங்கம் ஜோசியரிடம் போனேன். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மெல்லத் தட்டிப் பார்த்தார். "என்ன சோலைமலை, ஜாதகத்துக்குக் கண்ணாடி போட்டுட்டீங்க?" என்றார். விவரம் சொன்னேன். "பேரு எதுக்குங்க? பேரையா கட்டி வைக்கப் போறீங்க? கட்டம் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அக்கா, அந்தப் பக்கத்துக் கட்டமும் இந்தப் பக்கத்துக் கட்டமும் ஒன்றின்மேல் ஒன்று தெரிந்ததாம். இத்தனை காலமாக ஒரு ஜாதகத்தை இடது பக்கமும் ஒன்றை வலது பக்கமும் வைத்துக் கழுத்து வலிக்கப் பார்த்தவர், இது எவ்வளவு வசதி என்று சொல்லி அசந்துபோய்விட்டார்.

கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னார்: "பத்துக்குப் பத்துங்க! என் சர்வீஸ்ல இப்படி ஒரு பொருத்தத்த நான் பாத்ததில்ல. இதுக ரெண்டும் ஒருத்தர விட்டு ஒருத்தர் பிரியாதுங்க." கம் போத்தலைப் பற்றி அவருக்குச் சொல்லியிருந்ததால் அந்தக் கடைசி வாக்கியம் எனக்குக் கொஞ்சம் இடித்தது, ஆனாலும் சந்தோஷம். பெண்ணின் பலன்களையும் விரிவாகச் சொன்னார். வாகன யோகம் அமோகமாம், வாழ்நாள் முழுக்கச் சக்கரத்தின் மேலேயே இருப்பாளாம். மருமகன் கார் வாங்கப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு பெண் குழந்தையாம், அதனால் மனநிறைவாம். முழங்காலில் வாத சம்பந்தமான தொல்லை இருக்குமாம், எண்ணெய் தேய்த்துக்கொண்டால் சரியாம். வாழ்க்கைத் துணை பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாராம். இந்த இடத்தில் மட்டும் ஜோசியருக்கு ஏதோ பிசகு என்று நினைக்கிறேன். பிரதாப் அமைதியான பிள்ளை அல்லவா.

ஆகவே அக்கா, நடந்தது இதுதான். நீங்கள் போன மாதிரியே திரும்பி வரணும் என்று சொன்னீர்கள். போனதைவிடக் கொஞ்சம் கனமாகவும் பளபளப்பாகவும் வருகிறது. மழையில் நனையாது, கறையான் தின்னாது, தேத்தண்ணீர் கொட்டினாலும் துடைத்துவிடலாம். ஒரே குறை, தனியாக வராது. இனி அதை நீங்கள் வைத்துக்கொண்டாலும் எங்கள் பிள்ளை உங்கள் வீட்டில்தான், நாங்கள் வைத்துக்கொண்டாலும் உங்கள் பிள்ளை எங்கள் வீட்டில்தான். கிரகங்கள் சம்மதித்து, கம்மும் சம்மதித்த பிறகு மனுஷர் நாம் மறுப்பது நன்றாக இருக்குமா? பெரியப்பா எழுதிய மேல் ஓரம் போனதற்கு மட்டும் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். நேரில் வந்து திட்டுவதானால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மச்சானையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வந்து திட்டவும். சாப்பிட்டுவிட்டுத் திட்டினால் எல்லாருக்கும் வசதி.

உங்கள் வீட்டு அடுப்பில் எப்போதும் பால் பொங்கவும், மச்சானின் இருமல் அடங்கவும், உங்கள் கோபம் இந்தப் பக்கம் வரும் வழியில் இறம்பொடை அருவியில் குளித்துவிட்டு வரவும் முருகன் அருள்புரிவானாக. காளியாயி உங்களுக்கும் மச்சானுக்கும் வணக்கம் சொல்லச் சொன்னாள். கிருஷாந்தி எல்லாரையும் கேட்டதாகச் சொன்னாள். எல்லாரையும் என்று அவள் சொன்னது ஒருவரைத்தான்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்பை நம்பியிருக்கும் தம்பி,
சோலைமலை

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு நாக்கால் நனைக்கப் போகும்போது காளியாயி ஒரு தாளோடு வந்து நின்றாள். "ஏங்க, புள்ளையோட ஜாதகம் பெட்டியில என் சேலைக்கு அடியில இருக்குதே. அப்ப அங்க ஒட்டுனது யாரோடதுங்க?" என்றாள். பெட்டியில் மஞ்சள் தடவிய தாள் இரண்டு இருந்ததாம். நான் அன்றைக்கு மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் எல்லா ஜாதகமும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. அக்கா, மருமகனின் முதுகில் ஒட்டியிருப்பது என் ஜாதகம். பத்துப் பொருத்தமும் எனக்கும் பிரதாப்புக்கும்தான்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்று கிளம்பினேன். கிருஷாந்தி கையில் இருந்து பிடுங்கிக்கொண்டாள். முழுசாகப் படித்தாள். ரேடியோ விஷயம் வரும் இடத்தில் மட்டும் என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டு, "ஒரு எழுத்தும் மாத்தாம அப்படியே அனுப்புங்கப்பா. அத்தைக்குச் சிரிப்பு வந்துச்சுன்னா நான் அந்த வீட்டுக்குப் போறேன். வரலேன்னா, நீங்க பொருத்தம் பாத்த மாதிரி நீங்களே போயிருங்க" என்றாள்.

அப்படியே அனுப்புகிறேன். உங்களுக்குச் சிரிப்பு வந்ததா இல்லையா என்று நேரடியாகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மரக்கறியா, கோழியா என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், அந்த வரி வந்தாலே புரிந்துகொள்வோம்.